முழங்காலுக்கு மேல் எழாத நெருப்பு

செல்வி தொலைபேசியில் அழைத்தபோது நான் வவுனியா ஆஸ்பத்திரியில், கண் பரிசோதனைக்கு இலக்கம் எடுத்துக்கொண்டு வாங்கில் அமர்ந்திருந்தேன். காலை பத்து மணி இருக்கும்.

“மிஸ், அவர் போயிட்டார்” என்றார்.

அவருடைய கணவர் யோகன் எங்கோ பயணம் போயிருக்கிறார் என்றுதான் நினைத்தேன். “எங்க போனவர்?” என்று கேட்டேன்.

“வயலுக்க விழுந்து கிடந்தவர், மிஸ். விடியவே நெஞ்சு நோகுது எண்டு சொன்னவர். வெட்டுற மிசின் வருகுது, பாத்திட்டு வாறன் எண்டு போன மனிசன். நான் தேத்தண்ணி கொண்டு போய்ப் பாத்தால்...”

ஒன்றை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும். அந்த வாங்கில் இருந்தபடி எனக்கு முதலில் வந்தது பயம். அழுகை பிறகுதான் வந்தது. மாசி பிறந்து ஒரு கிழமை ஆகியிருந்தது. எங்கள் ஊர்த் தரவையில் புல் அரைவாசி காய்ந்திருக்கும். இன்னும் கொளுத்தவில்லை. அதைக் கொளுத்தத் தெரிந்த ஒரே மனிதர் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு வந்திருந்த உங்களில் சிலர், நான் ஏன் பந்தலிலிருந்து எழுந்து எழுந்து வீதிக்குப் போனேன் என்று பின்னர் கேட்டீர்கள். நான் புல்லைப் பார்க்கப் போனேன். அன்று அதைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அவருடைய முப்பத்தோராம் நாளுக்காக அச்சாகும் இந்தச் சிறு மலரில் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

எங்கள் ஊரை அறியாதவர்களின் கையிலும் இது போகலாம். துணுக்காயிலிருந்து உள்ளே போகும் கிரவல் வீதியின் கடைசியில் குளம். குளத்துக்குக் கீழே வயல். தென்மேற்கே மாடுகள் மேயும் திறந்த வெளி. அதைத்தான் தரவை என்கிறோம். ஆளுயர இலுக்குப் புல்லும் ஈச்சம்பற்றையும் நிறைந்த இடம். அதற்கப்பால் காடு. தரவையின் இந்த ஓரத்தில் ஒரு வண்டிப்பாதையைத் தாண்டினால் பதினாறு வீடுகள். வைகாசியில் சோளகக் காற்று எழுந்தால் புரட்டாதிவரை, காட்டிலிருந்து தரவை வழியாக நேரே அந்த வீடுகளின் மேல்தான் வீசும். நான் இந்தப் பிரிவின் கிராம அலுவலர். அந்தப் பதினாறு குடும்பங்களும் என் பதிவேட்டில் இருக்கின்றன.

இராமையா யோகேந்திரன் என்ற யோகன் என் அலுவலகத்துக்கு முதன்முதலாக வந்தது கொரோனாவுக்கு முந்திய வருடம். அவருடைய அப்பா கலவர காலத்தில் மலையகத்திலிருந்து வன்னிக்கு ஓடிவந்து கூலிவேலை செய்தவர். யோகன் போருக்குப் பிறகு படகேறி அவுஸ்திரேலியாவுக்குப் போய், ஆறு வருடம் இருந்து, அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டுத் திரும்பியிருந்தார். அப்படித் திரும்பி வருகிறவர்கள் வீட்டுத்திட்டம் கேட்பார்கள், வாழ்வாதார உதவி கேட்பார்கள். இவர் கதிரையில் இருந்ததும் கேட்டது வேறு.

“மிஸ், உந்தத் தரவை கடைசியா எப்ப எரிஞ்சது?”

“எரியேல்லை. போன வருசம் வரைக்கும் கண்ணிவெடி எண்டு மட்டை அடிச்சுக் கிடந்தது. ஒருத்தரும் உள்ளுக்குப் போறேல்லை.”

“அப்ப பத்து வருசப் புல்லு” என்றார். “அது ஒரு நாள் பெரிசா எரியப் போகுது, மிஸ். அதுக்கு முந்தி நாங்களாக் கொளுத்தவேணும். சின்னன் சின்னனா. ஈரம் இருக்கேக்கையே.”

நான் எழுந்து நின்றுவிட்டேன். அவரை வெளியே போகச் சொன்னேன். சொன்ன குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

மீள்குடியேறிய முதல் வருடம் என் அண்ணன் எங்கள் கிணற்றடிப் பற்றையை வெட்டிக் குவித்துக் கொளுத்தினார். நான் கொடியில் உடுப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். குவியலின் அடியில் மண்ணுக்குள் என்ன கிடந்தது என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. சத்தம் கேட்டுத் திரும்பினேன். அண்ணன் நின்ற இடத்தில் புழுதிதான் நின்றது. அதன் பிறகு எங்கள் வீட்டில் குப்பை கொளுத்துவதில்லை. அடுத்த வளவில் புகை எழும்பினாலும் நான் உள்ளே போய் யன்னலைச் சாத்திவிடுவேன். குசினியில் அடுப்பு மூட்டும்போதுகூட ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

அடுத்த கிழமை யோகன் மறுபடியும் வந்தார். செல்வி அண்ணனைப் பற்றிச் சொல்லியிருந்தார் போலும். “தெரியாமல் கதைச்சிட்டன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ” என்றார். உடனே போய்விடவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்தது, அலுவலகத்தில் வேறு ஆட்களும் இல்லை. அன்றுதான் அவுஸ்திரேலியக் கதையைச் சொன்னார்.

அந்த நாட்டின் வடக்கே ஒரு மாம்பழத் தோட்டத்தில் அவர் வேலை செய்தார். ஒரு நாள் தோட்ட வேலிக்கு அப்பால் புகை எழுந்தது. “நான் ஓடிப்போய்த் தண்ணிக் கானுக்க படுத்திட்டன், மிஸ். எனக்கு ஷெல் விழுந்தமாதிரித்தான்.” தலையைத் தூக்கியபோது வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு வயதான பெண் நின்றார். அந்த மண்ணின் ஆதிக்குடிப் பெண். கையில் புகையும் சுள்ளி. சிரிக்கப் போகிறார் என்று யோகன் நினைத்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. இவர் எழும்பும்வரை வேலியோரம் நிலத்தில் குந்தியிருந்து காத்திருந்தாராம்.

அதன்பின் லீவு நாட்களில் அந்தக் குடும்பத்தோடு நடக்கத் தொடங்கினார். அங்கே மழைக்காலம் முடிந்து புல் காயத் தொடங்கும் சமயத்தில் அவர்கள் நடந்துகொண்டே கொளுத்துவார்கள். இங்கே ஒரு துண்டு, அங்கே ஒரு துண்டு. நெருப்பு முழங்காலுக்கு மேல் வராது. ஓணானும் பூச்சியும் ஓடித் தப்பும் அளவுக்கு மெதுவாக ஊரும். பொழுதுபடப் பனி விழ, தானாக அணையும். அடுத்த மாதம் பார்த்தால் கறுப்புத் துண்டெல்லாம் பச்சை. கங்காருக்கள் அதில் மேய வரும். சில துண்டுகளை அந்த வருடம் தொடவே மாட்டார்கள். குருவி கூடு வைத்திருக்கிற இடம், பழமரம் நிற்கிற இடம், முன்னோரின் இடம்.

“எங்கட பொம்பிளையள் விடிய எழும்பி வளவு கூட்டுற மாதிரித்தான் மிஸ். அவையள் நாட்டைக் கூட்டினவை.”

“காடு எரியாதா?”

“அதுதான் சட்டம். மரத்தின்ர கொப்பில ஒரு இலையும் கருகப்படாது. கருகினால் நீ பிழை விட்டிட்டாய் எண்டு அந்த அம்மா முகத்தைத் திருப்பிக்கொள்ளுவா.”

பிறகு அவர் சொன்னதுதான் எனக்கு நித்திரையில்லாமல் பண்ணியது. வெள்ளைக்காரர் மாட்டுப் பண்ணை போட வந்து, அந்த மக்களை அவர்களுடைய நிலத்திலிருந்து பிடித்துக்கொண்டுபோய் வேறிடத்தில் வைத்திருந்தார்கள். ஒரு தலைமுறைக் காலம் யாரும் அந்த நிலத்தில் நடக்கவில்லை, கொளுத்தவில்லை. புல் ஆளை மூடி வளர்ந்தது. கடும் வெயில் காலத்தில் மின்னல் விழுந்தோ, யாரோ போட்ட நெருப்பிலோ அது பற்றியபோது கிழமைக்கணக்கில் எரிந்தது. நூறு வருட மரங்கள் நின்றபடியே செத்தன. அவர்கள் திரும்பி வந்தபோது அந்த அம்மாவுக்குத் தன் இடமே தெரியவில்லையாம்.

“எங்களை முகாமுக்குள்ள வைச்சிருந்தவங்கள்தானே, மிஸ்” என்றார் யோகன். “திரும்பி வரேக்க எங்கட வளவு எங்களுக்குத் தெரிஞ்சதோ?”

அந்த அம்மாவின் பெயரைக் கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். “அவ செத்துப்போனா. செத்தவையின்ர பேரை அவையள் சொல்லாயினம். அதால நானும் சொல்லன்.”

அதற்குப் பிறகும் நான் உடனே சம்மதிக்கவில்லை. எனக்குத் தைரியம் வந்தது மாலினியால். மாலினி அந்தப் பதினாறு வீடுகளில் ஒன்றில் இருப்பவர். ஏழு வருடம் கண்ணிவெடி அகற்றும் வேலை செய்தவர். அவரும் யோகனும் பன்னிரண்டு நாள் தரவையில் நடந்தார்கள். மாலினி முன்னால், அவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து யோகன் பின்னால். தெற்குப் பக்கம் பயமில்லை என்றார் மாலினி. வடக்கைப் பற்றி, “துப்பரவாக்கினது எண்டுதான் கடதாசி சொல்லுது. எனக்கு மனம் கேக்குதில்லை” என்றார்.

கமக்காரர் அமைப்பின் கூட்டத்தில் இதை எடுத்தபோது பொன்னம்பலத்தார் எழும்பினார். எங்கள் ஊரில் அதிகம் மாடு வைத்திருந்தவர் அவர். “எங்கட தரவையைப் பற்றி வந்தவனுக்கு என்ன தெரியும்?” என்று கேட்டார். ‘வந்தவன்’ என்ற சொல்லுக்குள் வேறு என்ன இருந்தது என்று எல்லோருக்கும் தெரியும். மலையகத்தார் என்பதை எங்களவர்கள் சொல்லாமல் சொல்லும் விதம் அது.

யோகன் கோபப்படவில்லை. “உங்கட அப்புவும் வந்தவர்தானே, ஐயா. குளம் கட்டிக் காணி குடுக்கேக்க யாழ்ப்பாணத்தில இருந்து வந்தவர் எண்டு நீங்கள்தான் எனக்குச் சொன்னனீங்கள்” என்றார். பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. பொன்னம்பலத்தாரும் வாய்க்குள் சிரித்தபடி இருந்துவிட்டார். காட்டுக்குள் ஒரு குச்சியும் கொளுத்துவதில்லை, தரவையை மட்டும், அதுவும் அனுமதி பெற்று என்று முடிவாகியது. அனுமதிக் கடிதம் என் கையால் எழுதப்பட்டது.

முதல் மாசி தெற்குத் துண்டுகளைக் கொளுத்தினோம். நான் வண்டிப்பாதையில், ஓடுவதற்கு வசதியாகச் சைக்கிளைப் பிடித்தபடி நின்றேன். பின்னேரம் நாலு மணி. யோகன் ஒரு பிடி புல்லைப் பிடுங்கி முறித்துப் பார்த்தார், குனிந்தார். நெருப்பு புல்லுக்குள் பாம்பு போல் மெதுவாகப் போனது. வெள்ளைப் புகை. கொக்குகள் வந்து அதன் முன்னால் பூச்சி பொறுக்கின. மாலினியும் இன்னும் நாலைந்து பேரும் பச்சைக் குழையால் ஓரங்களை அடித்தார்கள். ஆறரைக்குப் பனி இறங்கியது, நெருப்புப் படுத்துவிட்டது. கரிய நிலத்தின் நடுவே ஒரு பாலைமரம், ஒரு இலையும் கருகாமல் நின்றது. வீட்டுக்குப் போய்ப் பார்த்தால் சைக்கிள் கைப்பிடியின் அச்சு என் உள்ளங்கையில் பதிந்திருந்தது.

இரண்டாவது மாசி தெற்கும் நடுவும் ஒழுங்காக முடிந்தன. மூன்றாம் நாள், கடதாசியை நம்பி, வடக்கு ஓரத்தைத் தொட்டோம். பத்து நிமிடம் போயிருக்காது.

அந்தச் சத்தத்தை எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நான் கேட்கவில்லை என்றே நினைக்கிறேன். என் உடம்பு கேட்டது. முகம் மண்ணில் கிடந்தது. வாய்க்குள் சாம்பல். யாரோ “அண்ணா, அண்ணா” என்று கத்துவது கேட்டது. அது நான்தான் என்று மாலினி பிறகு சொன்னார். தலையைத் தூக்கியபோது யோகன் புகைக்குள் நின்ற இடத்தில் புழுதி நின்றது.

புழுதி அடங்க, அவர் அதற்குள் முழங்காலில் இருப்பது தெரிந்தது. காதால் இரத்தம் வந்தது. வேறு காயமில்லை. “மாலினி, நடக்காதேங்கோ! வந்த காலடியில திரும்பிப் போங்கோ!” என்று கத்தினார். தன் காது கேட்காததால் இன்னும் பெரிதாகக் கத்தினார். நாங்கள் ஒவ்வொருவராக வந்த காலடியில் பின்னால் நடந்து வெளியே வந்தோம். அந்த அறுபது எழுபது அடி தூரம் இன்றும் எனக்குக் கனவில் வருகிறது. கனவில் அது முடிவதில்லை.

பொலிஸ் வந்தது, படையினர் வந்து மண்ணைக் கிண்டினார்கள். எனக்கு மேலிடத்திலிருந்து ஏச்சு விழுந்தது. அன்று பின்னேரமே கடிதம் எழுதினேன்: மறு அறிவித்தல் வரை தரவையில் யாரும் நெருப்பு மூட்டக்கூடாது. கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தின் கதவில் நானே அதை ஒட்டினேன். யோகன் காதில் பஞ்சோடு வந்து அதை வாசித்தார். “வடக்குப் பக்கம் மிச்சம் கிடக்கு, மிஸ்” என்று மட்டும் சொன்னார்.

“கிடக்கட்டும்” என்றேன்.

ஆவணி மாதம், அதே வருடம், மத்தியானம் பன்னிரண்டு மணிக்குக் காட்டோரம் புகை தெரிந்தது. யார் மூட்டியது என்று யாருக்கும் தெரியாது. சோளகம் பேய் மாதிரி அடித்தது. நான் போய்ச் சேர்ந்தபோது வானம் செம்மஞ்சளாக இருந்தது. ரயில் வருவது போல் ஒரு இரைச்சல். தெற்கிலும் நடுவிலும் மாசியில் கொளுத்திய துண்டுகளில் மாடு மேய்ந்த கட்டைப் புல்தான் இருந்தது. அங்கே வந்த நெருப்பு தடுமாறி, புகைந்து, நின்றுபோனது. வடக்கில் நிற்கவில்லை. அங்கே பன்னிரண்டு வருடப் புல். நெருப்பு தென்னை உயரத்துக்கு எழும்பியது. பற்றைக்குள் கிடந்தவை வெடித்தன, ஒன்று, இரண்டு, பிறகு எண்ண முடியவில்லை. சனங்கள் பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு குளக்கட்டுக்கு ஓடினார்கள். பழைய ஓட்டம்.

யோகன் மட்டும் எதிர்ப்பக்கம் ஓடினார். நானும் பின்னால் ஓடினேன். வண்டிப்பாதையில் குனிந்து, வீடுகளுக்கு முன்னால் உள்ள புல்லில் குச்சியைக் கிழித்தார். நான் பாய்ந்து அவர் கையைப் பிடித்தேன்.

“விசரே உனக்கு? சனம் சாகப்போகுது!”

“மிஸ், கையை விடுங்கோ. அந்தப் பெரிய நெருப்பு இதை இழுக்கும். இழுக்கிற தூரத்துக்கு அது வரவேணும். அதுக்கு முந்திப் பாதை ஓரம் கறுக்கவேணும்.”

நான் கையை விட்டேன். ஏன் விட்டேன் என்று இப்போதும் தெரியாது. மாலினியும் சில பெண்களும் நனைத்த சாக்குகளோடு வீட்டுப்பக்கம் வரிசையாக நின்றார்கள். அந்தச் சிறு நெருப்பு எங்கள் பக்கம் சாயச் சாய அடித்தார்கள். பிறகு ஒரு கணத்தில் காற்று உள்ளே உறிஞ்சப்பட்டது போல் இருந்தது. யோகன் மூட்டிய நெருப்பு தலையைத் திருப்பி, வந்துகொண்டிருந்த பெரிய நெருப்பை நோக்கி ஓடியது. இரண்டும் மோதி ஒரேயொரு சுவாலையாக எழுந்து விழுந்தன. இரைச்சல் நின்றது.

வட மூலையில் அவரால் போய்ச் சேர முடியவில்லை. அங்கே இரண்டு வீடுகள் எரிந்தன. ஆட்கள் தப்பினார்கள். பொன்னம்பலத்தாரின் பட்டி அங்கேதான் இருந்தது. அவிழ்த்துவிட யாரும் இருக்கவில்லை. அந்த மாடுகள் கதறியதைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. கேட்டவர்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் கழித்து யோகன் வீட்டுக்குப் போனேன். அந்தக் கடிதத்தை எழுதியவள் நான். வடக்கைக் கொளுத்தவிடாமல் தடுத்தவள் நான். அதைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இருமிக்கொண்டே கையை நீட்டி மறித்தார்.

“கதவில ஒட்டினதைக் கிழிச்சுப் போடுங்கோ, மிஸ். வடக்கைத் திரும்ப ஒருக்காச் சோதிக்கச் சொல்லிக் கண்ணிவெடி எடுக்கிறவையளுக்கு ஒரு கடிதம் எழுதுங்கோ. உங்கட எழுத்துக்கு மரியாதை இருக்கு.”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு நாளும் அவர் அதைக் கதைக்கவில்லை. பொன்னம்பலத்தாரும் என்னிடம் கதைக்கவில்லை, அது வேறு விதமாக. ஒரு வருடம் என் முகத்தைப் பாராமல் போனார்.

பிறகு வந்த மாசிகளில் நாங்கள் ஒழுங்காகக் கொளுத்தினோம். வடக்கை மறுபடியும் சோதித்துக் கொடுத்தார்கள். தரவை மாறியது. மேலே குளக்கட்டில் நின்று பார்த்தால் ஒட்டுப் போட்ட சேலை போல் இருக்கும்: ஒரு துண்டு பச்சை, ஒரு துண்டு மஞ்சள், ஒரு துண்டு கறுப்பு. இலுக்கு குறைந்து மாடு விரும்பும் அறுகு வந்தது. ஈச்சம்பற்றைக்குள் மூச்சு முட்டிக் கிடந்த பாலைக் கன்றுகள் தலை காட்டின. முயல் வந்தது. ஒரு விடியற்காலை மரையொன்று குட்டியோடு நிற்பதைச் செல்வி கண்டார். ஊர் அவரை “ஒஸ்ரேலியா யோகன்” என்று கூப்பிடுவதை விட்டு யோகன் என்று கூப்பிடத் தொடங்கியதும் அந்தக் காலத்தில்தான்.

ஆனால் அவர் நிம்மதியாக இருக்கவில்லை. “பனி குறையுது, மிஸ்” என்றார் போன வருடம். “முந்தி மாசியில பத்து நாள் எங்களுக்குக் கிடைச்சது. இப்ப நாலைஞ்சு. மழையும் நினைச்ச நேரம் வருது. அந்த அம்மாவுக்கு அவவின்ர நாட்டின்ர நாள் தெரியும். இந்த நாட்டின்ர நாள் எனக்கு இன்னும் பிடிபடேல்லை.” அப்போது அவர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். நான் அதைப் பனிக்கான கவலை என்று எடுத்துக்கொண்டேன்.

செத்தவீடு முடிந்து ஐந்தாம் நாள். பனி இன்னும் விழுந்தது, மெலிதாக. செல்வி என் அலுவலகத்துக்கு வெள்ளைச் சேலையோடு வந்தார்.

“நாளைக்குக் கொளுத்துவம், மிஸ்.”

“செல்வி, செத்தவீட்டுத் துடக்கு...”

“துடக்குக் கழியப் பாத்தால் பங்குனி வந்திடும். புல்லு எங்களுக்காகப் பாத்துக்கொண்டிருக்காது.”

மறுநாள் பின்னேரம் செல்வி, மாலினி, நான், இன்னும் ஆறு பேர். பாதையில் பொன்னம்பலத்தார் பச்சைக் குழையோடு வந்துகொண்டிருந்தார். எண்பது வயது மனிதர். “நான் வடக்கு மூலையில நிக்கிறன்” என்றார்.

நெருப்புப் பெட்டி என் கையில் இருந்தது. அனுமதி என் பெயரில், ஆகவே நானே மூட்ட வேண்டும் என்று முதல் நாள் வீரமாகச் சொல்லியிருந்தேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவதை எடுக்காமல் பெட்டியை மூடினேன். நிலத்துக்குள் என்ன கிடக்கிறதோ என்ற நினைப்பு விடவில்லை. என்னால் ஏலாது என்று சொல்லத் திரும்பினேன்.

செல்வி எனக்குப் பக்கத்தில் குந்தினார். “அவரும் இப்பிடித்தான், மிஸ்” என்றார்.

“எப்பிடி?”

“கொளுத்துற அண்டைக்கு விடியலிலயிருந்து ஒண்டும் சாப்பிடார். போறதுக்கு முந்தி வேலிக்கரையில போய்ச் சத்தி எடுப்பார். ஒவ்வொரு வருசமும். கடைசிச் சண்டையில இவரின்ர தங்கச்சி பங்கருக்குள்ள எரிஞ்சு செத்தவள். இவர்தான் தூக்கினவர். உங்களிட்டச் சொல்ல வேண்டாம் எண்டு எனக்குச் சொன்னவர். நீங்கள் இன்னும் பயந்திடுவியளாம்.”

இத்தனை வருடம் பயமில்லாத ஒரு மனிதரின் பின்னால் நிற்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவர் குனியும்போது நான் அவருடைய முதுகைத்தான் பார்த்திருக்கிறேன். முகத்தைப் பார்த்ததில்லை.

செல்வி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது குச்சி பற்றியது.

எல்லாம் நன்றாக நடந்ததென்று எழுத விருப்பம்தான். பாதிவழியில் காற்றுச் சுழன்றது. நெருப்பு எங்கள் நெஞ்சளவுக்கு எழும்பியது. மாலினி “பின்னால போங்கோ!” என்று கத்தினார். ஒரு விளாத்தி மரத்தின் ஒரு பக்கத்து இலைகள் கருகிவிட்டன. கால் மணி நேரம் எது எங்கே போகிறதென்று யாருக்கும் தெரியவில்லை. பிறகு காற்று விழுந்தது. பனி இறங்கியது. நாங்கள் சாம்பலில் இருந்துவிட்டோம். பொன்னம்பலத்தார் அந்த மரத்தடிக்குப் போய், கருகிய பக்கத்தை நெடுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

இன்னும் இரண்டு பின்னேரங்கள் கொளுத்தினோம். அதன்பின் பனி நின்றுவிட்டது. வடக்கில் ஒரு துண்டு மிச்சம். காய்ந்த புல்லில் நெருப்பு வைக்க எங்களுக்குத் தைரியமும் இல்லை, அறிவும் இல்லை. இப்போது பெண்கள் முறை வைத்துக் கத்தியால் வெட்டுகிறார்கள். மாலினி முன்னால் நடந்து சோதிக்க, பின்னால் வெட்டு. அரைவாசி கூட முடியவில்லை. இந்த மலரைக் கையில் எடுக்கும் ஊரவர்கள், வீட்டுக்கு ஒருவராவது வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

யோகனிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று இந்த மலரைத் தொகுப்பவர்கள் கேட்டார்கள். படம் ஒன்றும் என்னிடமில்லை. அவர் எழுதிய கடிதமும் இல்லை. ஒரு கேள்வி இருக்கிறது. நான் வவுனியாவில் நின்றாலும், கிளிநொச்சியில் கூட்டத்தில் நின்றாலும், தொலைபேசியை எடுத்தவுடன் சுகம் விசாரிப்பதற்கு முதல் அவர் கேட்பது அதுதான்: “மிஸ், அங்க காத்து எந்தப் பக்கத்தால வருது?” எனக்கு அது பகிடியாக இருந்தது. ஒரு நாளும் வெளியே போய்ப் பார்த்துப் பதில் சொன்னதில்லை. வாய்க்கு வந்த திசையைச் சொல்லிவிடுவேன்.

இப்போது ஒவ்வொரு காலையும் கதவைத் திறந்ததும் முற்றத்தில் நின்று பார்க்கிறேன். இன்று பங்குனி பாதிகூட ஆகவில்லை; சோளகத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. முருங்கை இலைகள் அசைந்தன. பலமில்லாத காற்று, ஆனால் தென்மேற்கிலிருந்து.